சிலிக்கான் வேறு, சிலிக்கோன் வேறு: மொட்டை மாடிப் பூச்சின் பெயர்க் கதை

மழைக்காலம் முடிந்த கையோடு ஒரு ஜவுளிக் கிடங்கின் மாடிக்குப் போயிருந்தேன். அந்தக் கோடையில்தான் தளம் முழுக்க வெள்ளைப் பூச்சு அடித்திருந்தார்கள். தண்ணீர் தேங்கி நின்ற இடங்களில் மட்டும் அது பாலாடை போலக் கையோடு உரிந்து வந்தது. "சிலிக்கான்தான் சார் அடிச்சோம், பத்து வருஷத்துக்குக் கவலையே இல்லன்னு சொன்னாங்க" என்றார் உரிமையாளர். காலி வாளி படிக்கட்டுக்கு அடியில் கிடந்தது. எடுத்துப் பார்த்தால், 'சிலிக்கோன் கலந்த அக்ரிலிக்' என்று பொடி எழுத்தில் இருந்தது. அக்ரிலிக் என்பது ஒருவகைப் பிளாஸ்டிக் பிசின். விற்றவர், வாங்கியவர், அடித்தவர் மூவரும் ஒரே சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள், ஆளுக்கொரு பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு.

அந்தச் சொல்லை அடியிலிருந்து பார்ப்போம்.

லத்தீனில் 'சிலெக்ஸ்' என்றால் சக்கிமுக்கிக் கல். அந்தக் கல்லிலும் ஆற்று மணலிலும் இருக்கும் தனிமத்துக்கு 1808இல் ஹம்ஃப்ரி டேவி 'சிலிசியம்' என்று பெயர் வைத்தார். 'இயம்' என்ற ஈறு உலோகத்துக்கு உரியது. இது உலோகம் போல இல்லை, கார்பனுக்கும் போரானுக்கும்தான் உறவு என்று கருதிய தாமஸ் தாம்சன், 1817இல் அந்த இரண்டின் ஈற்றை ஒட்டி 'சிலிக்கான்' என்று மாற்றினார். தமிழில் இதற்கு மண்ணியம் என்ற ஆக்கம் உண்டு. பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் கால் பங்குக்கும் மேல் இருப்பதால் பொருத்தமான பெயர்தான். கணினிச் சில்லு, சூரிய மின்தகடு, கலிஃபோர்னியாவின் பள்ளத்தாக்கு எல்லாம் இந்தச் சிலிக்கானைச் சேர்ந்தவை. இது சாம்பல் நிறத்தில், கண்ணாடி போல நொறுங்கும் திடப்பொருள். இதைத் தூரிகையால் மாடியில் பூச முடியாது.

சிலிக்கோன் பிறகு வந்தது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பேராசிரியராக இருந்த ஃபிரெடரிக் ஸ்டான்லி கிப்பிங், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலிக்கான் சேர்மங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்த கீட்டோன்களை அவர் நன்றாக அறிவார். கார்பன் இருக்கும் இடத்தில் சிலிக்கானை வைத்தால் அதேபோன்ற சேர்மம் கிடைக்கும் என்று எதிர்பார்த்து, அதற்குக் 'கீட்டோன்' என்பதன் ஈற்றைக் கொடுத்தார். கிடைத்ததோ எண்ணெயும் பசையுமான ஏதோ ஒன்று. சிலிக்கான் ஆக்சிஜனோடு அப்படி இரட்டையாகக் கைகோப்பதை விரும்புவதில்லை. ஒரு கையில் ஓர் ஆக்சிஜன், மறு கையில் இன்னோர் ஆக்சிஜன் என்று நீண்ட சங்கிலியாகத் தொடுத்துக்கொண்டே போகிறது. கீட்டோனைப் போன்ற அமைப்பு இல்லை என்பது கிப்பிங்குக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் பெயர் நின்றுவிட்டது. வேதியியலார் அந்தச் சங்கிலியைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும் என்றால் 'சிலாக்சேன்' என்பார்கள். அதில் சிலிக்கானும் ஆக்சிஜனும் இரண்டுமே ஒளிந்திருக்கின்றன.

ஆங்கிலத்தில் இந்த இரண்டு சொற்களுக்கும் கடைசி ஓர் எழுத்துதான் வித்தியாசம், உச்சரிப்பில் நழுவிவிடுகிறது. தமிழ் எழுத்து இந்த இடத்தில் நமக்குக் கைகொடுக்கிறது. கார்பன், போரான், சிலிக்கான் ஒரு குடும்பம். கீட்டோன், அசிட்டோன், சிலிக்கோன் இன்னொரு குடும்பம். 'கான்' என்றால் தனிமம், 'கோன்' என்றால் அதிலிருந்து செய்த ரப்பர், எண்ணெய், பசை. பள்ளி வேதியியல் பாடநூலும் 'சிலிக்கோன்கள்' என்றே எழுதுகிறது. கடைப் பலகையிலும் விலைப்பட்டியலிலும் அந்த ஓகாரம் ஏறினால் போதும், பாதிக் குழப்பம் தீரும்.

கிப்பிங் தன் ஆய்விலிருந்து நடைமுறைப் பயன் பெரிதாக வரும் என்று நம்பவில்லை. 1940இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் யூஜின் ரோச்சோ, சிலிக்கோனுக்கான மூலப்பொருளைச் சிலிக்கானிலிருந்து நேரடியாகத் தயாரிக்கும் முறையைக் கண்டுபிடித்தார். ஜெர்மனியில் ரிச்சர்ட் முல்லரும் தனியாக அதே வழியை அடைந்தார். 1943இல் டவ் கார்னிங் நிறுவனம் தொடங்கியது. அதன் முதல் சரக்கு, போர் விமானங்களின் மின்பொறி அமைப்பில் ஈரம் ஏறாமல் காக்கும் ஒரு பசை. தண்ணீரை அண்டவிடாதது என்ற பெயரோடுதான் சிலிக்கோன் சந்தைக்கே வந்தது.

சரி, மாடிக்கு வருவோம். வெப்ப நாட்டுத் தளத்துக்கு இது ஏன் பொருந்துகிறது? வெயிலின் புற ஊதாக் கதிரில் காரணம் இருக்கிறது. 300 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிரின் ஆற்றல், மோலுக்குச் சுமார் 400 கிலோஜூல். தாரிலும் சாதாரணப் பிளாஸ்டிக்கிலும் முதுகெலும்பாக இருக்கும் கார்பன்–கார்பன் பிணைப்பை உடைக்க ஏறத்தாழ 350 போதும். சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்புக்குச் சுமார் 450 தேவை. சென்னையின் அக்னி நட்சத்திர வெயிலில் தார் அட்டை வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும்போது, சிலிக்கோன் படலம் தொட்டால் இன்னும் ரப்பராகவே இருப்பது இதனால்தான்.

இரண்டாவது, தேங்கும் நீர். சென்னைக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், இரண்டு மூன்று மாதத்துக்குள் கொட்டிவிடுகிறது. பெரும்பாலான அக்ரிலிக் பூச்சுகள் பிசினை நுண்துளிகளாகத் தண்ணீரில் கலந்து செய்தவை. நாள்கணக்கில் நீரில் ஊறினால் மறுபடி இளகும். கிடங்கு மாடியில் நான் பார்த்தது அதுதான். சிலிக்கோன் பூச்சு காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டு இறுகும் பொருள். இறுகியபின் தண்ணீர் நின்றாலும் அதற்கு ஒன்றுமில்லை. அக்ரிலிக்கில் கொஞ்சம் சிலிக்கோன் கலந்தாலும் அதன் குணம் அக்ரிலிக்கின் குணம்தான்.

அதற்காக வாட்டத்தை மறந்துவிடக் கூடாது. வாட்டம் என்பது நம் கொத்தனார்களின் அருமையான சொல். தண்ணீர் ஓடிப்போகத் தளத்துக்குக் கொடுக்கும் சரிவு. பழைய மெட்ராஸ் டெரஸில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அடித்து இறுக்குவார்கள். அந்த அடியிலேயே வாட்டமும் அமையும். மேலே தட்டையான ஓடு பதிப்பார்கள். பூச்சே இல்லாமல் அந்தத் தளங்கள் பல பத்தாண்டுகள் நின்றன. இன்று வாட்டமில்லாத தளத்தைப் பூச்சைக் கொண்டு சரிக்கட்டப் பார்க்கிறோம். சிலிக்கோன் அதைத் தாங்கும். ஆனால் மழைநீர்க் குழாயின் வாய் அடைத்துக் கிடந்தால் அது என்ன செய்யும்?

இப்போது தமிழ்ப் பெயர். 'வாட்டர்ப்ரூஃபிங்' என்பதற்கு நீர்க்காப்பு என்று எழுதுகிறார்கள். தண்ணீரைச் சேமித்துக் காப்பது என்றும் அதைப் படிக்கலாம். எனக்குப் பிடித்தது 'நீர்புகாப் பூச்சு'. அழியாப் புகழ், செல்லாக் காசு போல, புகாப் பூச்சு. இலக்கணமும் சரி, கேட்டதும் பொருளும் விளங்குகிறது. அதோடு உண்மையாகவும் இருக்கிறது. சிலிக்கோன் படலத்தில் நீர் புகாது, கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற மட்டும் அது வழிவிடும். 'பெயிண்ட்' என்ற சொல்லை இங்கே தவிர்ப்பது நல்லது. சுவர்ச் சாயம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. இந்தப் பூச்சு அரை மில்லிமீட்டர் முதல் முக்கால் மில்லிமீட்டர் வரை நிற்க வேண்டும். கணக்கும் எளிது. ஒரு லிட்டரை ஒரு சதுர மீட்டரில் பரப்பினால் ஒரு மில்லிமீட்டர். 1000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். அரை மில்லிமீட்டருக்கு, வற்றுவது போகச் சுமார் 50 லிட்டர் வேண்டும். ஒரே ஒரு 20 லிட்டர் வாளியில் முடித்துத் தருகிறேன் என்பவர் 0.2 மில்லிமீட்டர்தான் தருகிறார்.

'சிலிக்கோன்' என்பதையே தமிழாக்க வேண்டுமா? 'மண்ணிய ரப்பர்' என்று சொல்லிப் பார்த்தேன். விளக்கத்துக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் எண்ணெயையும் பசையையும் அது விட்டுவிடுகிறது. எனவே 'சிலிக்கோன் நீர்புகாப் பூச்சு' என்றே எழுதுகிறேன்.

பூச்சுக்கு முன்னால் நோய்க்கும் பெயர் வேண்டும். எல்லாவற்றையும் 'லீக்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். தமிழ் இதைப் பிரித்து வைத்திருக்கிறது. விரிசல் வழியே சொட்டுவது ஒழுகல். சொட்டாமல் பரவுவது கசிவு. சுவரோ தரையோ ஈரத்தை உறிஞ்சி நமுத்துப் போவது ஓதம். (பழைய இலக்கியத்தில் ஓதம் என்றால் கடல், அலை. அதே சொல் இன்று சுவரடியில் வந்து நிற்பதில் எனக்கு ஒரு வியப்பு உண்டு.) ஒழுகலுக்கும் மேலிருந்து வரும் கசிவுக்கும் சிலிக்கோன் பூச்சு உதவும், விரிசலையும் கைப்பிடிச் சுவர் தளத்தைத் தொடும் மூலையையும் முதலில் அடைக்க வேண்டும். தரையிலிருந்து ஏறும் ஓதத்துக்கு மாடியில் எத்தனை கோட் அடித்தாலும் பயனில்லை. "ஓதமா, ஒழுகலா?" என்று கேட்கும் கொத்தனார் கிடைத்தால் விடாதீர்கள்.

குறைகளும் உண்டு. சிலிக்கோன் தூசியை இழுத்துக்கொள்ளும். வெள்ளை மங்க மங்க வெயிலைத் திருப்பி அனுப்பும் திறனும் குறையும். நனைந்தால் வழுக்கும், தண்ணீர்த் தொட்டிக்கு நடந்துபோகும் பாதையில் சொரசொரப்பான மணல் தூவிய பூச்சு வேண்டும். ஆழ ஈரமுள்ள கான்கிரீட்டின் மேல் அடித்தால் கொப்புளிக்கும். குளியலறைக்கென்று டியூபில் வரும், காடி வாசமடிக்கும் சிலிக்கோன் பசையைக் கான்கிரீட் விரிசலில் வைக்கக் கூடாது. அது இறுகும்போது விடும் அசிட்டிக் அமிலம் காரத்தன்மையுள்ள கான்கிரீட்டோடு வினைபுரிந்து பிடிப்பைக் கெடுக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், சிலிக்கோனின் மேல் சிலிக்கோனைத் தவிர வேறு எதுவும் சரியாக ஒட்டாது. பத்து வருடம் கழித்து வரும் வேறொரு ஆள், கீழே இருப்பது என்ன என்று தெரியாமல் அக்ரிலிக்கை அடித்தால் முதல் மழையில் உரிந்துவிடும். அந்த ஜவுளிக் கிடங்கில் பழையதைச் சுரண்டி, காயவிட்டு, இந்த முறை சிலிக்கோனே அடித்தார்கள். முடிந்த அன்று உரிமையாளர் மாடிக் கதவின் உட்புறத்தில் தேதியோடு, பெரிய எழுத்தில், கோனுக்கு ஓகாரம் போட்டு எழுதி வைத்தார்.