கு, ட்ஸு, லு: மாயா எழுத்தைத் திறந்த மூன்று அசைகள்

16ஆம் நூற்றாண்டில், மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில் தியேகோ தெ லாந்தா என்ற ஸ்பானியப் பாதிரியார், அங்கே வாழும் மாயா மக்களின் எழுத்தறிந்த ஒருவரிடம் அவர்களுடைய அகரவரிசையை எழுதிக் காட்டச் சொன்னார். ஸ்பானிய மொழியில் 'பி' எழுத்தின் பெயர் 'பே'. பாதிரியார் 'பே' என்றார். மாயா மொழியில் 'பே' என்றால் பாதை. எழுத்தர் ஒரு காலடிச் சுவட்டை வரைந்தார். கண்ணியைக் குறிக்கும் 'லே' என்ற சொல்லை எழுதச் சொல்லி, பாதிரியார் எழுத்துக்கூட்டிக் காட்டினார்: 'எல்' எழுத்தின் ஸ்பானியப் பெயர் 'எலே', 'இ' எழுத்தின் பெயர் 'எ', இரண்டும் சேர்ந்தால் 'லே'. காதில் விழுந்த ஒவ்வோர் ஒலியையும் எழுத்தர் எழுதிவைத்தார். கடைசியில், ஏதாவது ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்றபோது அவர் எழுதியது, 'மா இன் காத்தி'. அதாவது, 'எனக்கு விருப்பமில்லை'.

அந்தச் சலிப்பையும் லாந்தா அப்படியே தன் குறிப்பில் சேர்த்துக்கொண்டார். 1562இல் மானி என்ற ஊரில் மாயா நூல்களைக் குவித்துத் தீயிட்டவரும் இவர்தான். இன்று உலகில் எஞ்சியிருப்பவை நான்கே நான்கு மாயா ஏடுகள். எரித்தவர் எழுதிய குறிப்பிலிருந்துதான் எழுத்தின் திறவுகோலும் கிடைத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

லாந்தாவின் பட்டியல் 1864இல் அச்சேறியது. ஆங்கில எழுத்துகளைப்போல ஒரு குறிக்கு ஓர் ஒலி என்று வைத்துப் படித்துப் பார்த்தவர்களுக்கு உளறல்தான் கிடைத்தது. பட்டியலே பிழை என்று ஒதுக்கிவிட்டார்கள். குறிகளை எண்ணிப் பார்த்திருந்தாலே ஒரு துப்புக் கிடைத்திருக்கும். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து போதும். ஜப்பானியரின் அசையெழுத்தான கானாவில் அடிப்படைக் குறிகள் 46. சொல்லுக்கொரு குறி வைக்கும் சீன எழுத்தில் ஆயிரக்கணக்கில் வேண்டும். மாயாவில் இருப்பவை ஏறக்குறைய 800. ஒலிக்கு மட்டும் என்றால் இது மிக அதிகம். சொல்லுக்கு மட்டும் என்றால் மிகக் குறைவு. ஆக, இரண்டும் கலந்த எழுத்து.

1952இல் லெனின்கிராடைச் சேர்ந்த ஆய்வாளர் யூரி நோரசோவ் இந்த எழுத்தைப் படிக்கும் வழியைக் காட்டினார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அதுவரை மாயா மண்ணை அவர் கண்ணால் பார்த்ததும் இல்லை. லாந்தா கேட்டது எழுத்தின் பெயரை, எழுத்தர் தந்தது அசையை, அதாவது நம் உயிர்மெய் போன்ற ஒன்றை என்று அவர் பிடித்துக்கொண்டார். எஞ்சிய நான்கு ஏடுகளுள் ஒன்றான டிரெஸ்டன் ஏட்டில் ஒரு வான்கோழிப் படம். அதன்மேல் இரண்டு குறிகள். முதல் குறி லாந்தாவின் பட்டியலில் உள்ள 'கு'. யுகட்டான் மாயாவில் வான்கோழி 'குட்ஸ்'. அப்படியானால் இரண்டாவது குறி 'ட்ஸு'. அதே ஏட்டில் நாயின் படத்துக்கு மேலே அந்த 'ட்ஸு' முதலில் வருகிறது. அடுத்து, லாந்தா 'எல்' என்று குறித்த குறி. நாய்க்குப் பழைய அகராதி தரும் சொல் 'ட்ஸுல்'. ஆக அது 'லு'. இன்னோரிடத்தில் 11 என்ற எண் வரவேண்டும். அங்கே மூன்று குறிகள், முதல் குறி சிதைந்திருக்கிறது, மற்ற இரண்டும் 'லு', 'கு'. மாயா மொழியில் பதினொன்று 'புலுக்'. ஒன்றை ஒன்று தாங்கிப் பிடிக்கும் இந்த மூன்று சொற்களைத்தான் இந்தக் கதையிலேயே மிக அழகான இடம் என்று சொல்வேன்.

'குட்ஸ்' என்ற சொல்லை ஏன் 'குட்ஸு' என்று எழுத வேண்டும்? மாயா எழுத்தில் புள்ளி கிடையாது. மெய்யைத் தனியாக எழுத வழியில்லாததால், பெரும்பாலும் முந்தைய உயிரையே ஈற்றிலும் சேர்த்து எழுதினார்கள். படிப்பவர் அதை விட்டுவிட்டுப் படித்தார். நம் ஓலைச்சுவடிகளிலும் பெரும்பாலும் புள்ளியிடாமல்தான் எழுதினார்கள். ஏட்டில் 'கடல' என்று இருந்தால் 'கடல்' என்று படிக்கத் தெரிந்தவர்கள் நம் முன்னோர்.

பலேங்கே நகரை 615 முதல் 683 வரை ஆண்ட மன்னன் பக்கல். அவன் பெயருக்குப் பொருள் கேடயம். அவன் எழுத்தர்கள் சில இடங்களில் கேடயத்தை மட்டும் வரைந்தார்கள். சில இடங்களில் கேடயத்தோடு 'ல' என்ற குறியைச் சேர்த்து, சொல் 'ல்' என்று முடிகிறது என உணர்த்தினார்கள். சில இடங்களில் படமே இல்லாமல் 'ப-க-ல' என்று ஒலியால் எழுதினார்கள். ஒரே பெயரை வெவ்வேறு விதமாக எழுதுவதை அவர்கள் கலையாகவே கருதியிருக்க வேண்டும். இப்படி மாற்றி எழுதிய இடங்களை அடுக்கி ஒப்பிட்டுத்தான் பல குறிகளின் ஒலிகள் பின்னர் தெரியவந்தன.

மாயா ஆய்வில் அன்று பெரும் செல்வாக்குடன் இருந்த எரிக் தாம்சன், நோரசோவை இறுதிவரை ஏற்கவில்லை. கல்வெட்டுகளில் காலக்கணக்கும் வழிபாடும் மட்டுமே உள்ளன என்ற எண்ணமும் அப்போது வலுவாக இருந்தது. 1960இல் தத்யானா ப்ரஸ்கூரியாகோஃப் அதை உடைத்தார். பியேத்ராஸ் நேக்ராஸ் நகரக் கற்றூண்களின் தேதிகளை அவர் தொகுதி தொகுதியாகப் பிரித்தார். ஒவ்வொரு தொகுதியும் ஒரு மனித ஆயுளுக்குள் அடங்கியது. மேல்நோக்கிய தவளைத்தலை பிறப்பு. பல்வலிக்காரரைப்போலத் தாடையைச் சுற்றிக் கட்டிய தலை அரியணை ஏறுதல். ஒரு சொல்லைக்கூட ஒலித்துப் படிக்காமலேயே, அவை மன்னர்களின் வரலாறு என்று காட்டிவிட்டார்.

சிந்துவெளி எழுத்து ஏன் இன்னும் திறக்கவில்லை என்று கேட்பவர்களுக்கும் விடை இங்கேயே இருக்கிறது. ஐராவதம் மகாதேவன் 1977இல் அதன் தொடர்களை எல்லாம் தொகுத்துத் தந்தார். ஆனால் ஒரு முத்திரையில் சராசரியாக ஐந்து குறிகள்தான். மொழி எதுவென்று உறுதியாகவில்லை, லாந்தாவின் பட்டியல் போன்ற ஒன்றும் இல்லை. மாயாவுக்கோ நீண்ட கல்வெட்டுகள் இருந்தன. எல்லாவற்றையும்விட, ஏடுகள் எரிந்த பின்னும் மக்கள் விட்டுவிடாத மொழி இருந்தது. இன்றும் பல லட்சம் பேர் வீட்டில் மாயா மொழிகளைப் பேசுகிறார்கள்.

படித்தது சரிதானா என்பதற்கு ஒரு சோதனையும் வாய்த்தது. 1984இல் குவாத்தமாலாவின் ரியோ அசூலில் ஒரு கல்லறையில், திருகு மூடி போட்ட மட்பாண்டம் கிடைத்தது. அதன்மேல் எழுதியிருந்த சொல்லை டேவிட் ஸ்டூவர்ட் 'க-க-வ' என்று படித்தார்: ககாவ், அதாவது கொக்கோ. பாண்டத்தின் அடியில் ஒட்டியிருந்த படிவு ஆய்வகத்துக்குச் சென்றது. அதில் கொக்கோவில் காணப்படும் வேதிப்பொருள்களான தியோபுரோமினும் கஃபீனும் இருந்தன.