கோஸ்ட்: பேயா, ஆவியா?

கோஸ்ட் ரைட்டர் என்பதைப் ‘பேய் எழுத்தாளர்’ என்று மொழிபெயர்த்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை. வேறொருவர் பெயரில் வரப்போகும் புத்தகத்தைப் பணம் வாங்கிக்கொண்டு எழுதித் தருபவர்தான் கோஸ்ட் ரைட்டர். அவர் யாரையும் பயமுறுத்துவதில்லை, கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். தமிழ்க் காதுக்கோ ‘பேய்’ முன்னால் வந்தாலே வேறு பொருள். பேய்மழை, பேய்க்காற்று என்றால் அடங்காத வேகம். பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு என்றால் வாயில் வைக்க முடியாத கசப்பு. அந்தக் கணக்கில் பேய் எழுத்தாளர் என்பவர் ராப்பகலாக எழுதித் தள்ளுகிறவர் ஆகிவிடுகிறார்!

சரி, கோஸ்ட் எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் அது ‘காஸ்ட்’. மூச்சு, உயிர், ஆன்மா எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். ஜெர்மன் மொழியின் ‘கைஸ்ட்’ இதன் உடன்பிறப்பு. மனம், அறிவு என்ற பொருள்கள் அதற்கு இன்றும் உண்டு. செத்தவர் உருவம் காட்டுவது என்ற பொருள் ஆங்கிலத்தில் பிற்பாடுதான் மேலோங்கியது. உச்சரிப்பில் வராமல் நடுவில் நிற்கும் ஹெச் எழுத்து அச்சகத்தின் கொடை. 1476இல் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்த வில்லியம் காக்ஸ்டன், அதற்குமுன் பல ஆண்டுகள் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள புரூஜ் நகரில் வாழ்ந்தவர். அந்தப் பக்கத்து பிளெமிஷ் மொழியின் எழுத்துமுறை அப்படியே ஒட்டிக்கொண்டது.

இந்தப் பழைய பொருளுக்கு அச்சாகப் பொருந்தும் சொல் நம்மிடம் இருக்கிறது: ஆவி. கொதிக்கும் நீரிலிருந்து எழுவதும் ஆவி, உடம்பை விட்டுப் பிரிவதும் ஆவி, செத்தபின் உலவுவதாகச் சொல்லப்படுவதும் ஆவி. 1611ஆம் ஆண்டு ஆங்கில பைபிளில் ‘ஹோலி கோஸ்ட்’ என்று வருவது தமிழில் ‘பரிசுத்த ஆவி’. இயேசு சிலுவையில் உயிர்விடும் இடத்தில் அவர் ‘கோஸ்ட்டைக் கைவிட்டார்’ என்கிறது ஆங்கிலம். தமிழ் ‘ஆவியை ஒப்புக்கொடுத்தார்’ என்கிறது. பேய் என்று அங்கே போட யாருக்காவது மனசு வருமா? பழுதாகி நின்றுபோன இயந்திரத்துக்கும் ஆங்கிலத்தில் இதே தொடர்தான். நாமும் ‘மோட்டார் உயிரை விட்டுடுச்சு’ என்கிறோமே!

ஆனால் எல்லா இடத்திலும் ஆவி செல்லாது. ‘ஆவி எழுத்தாளர்’ என்றாலும் விளங்காது. பெயர் மறைந்து நிற்பதுதான் அங்கே விஷயம் என்பதால் ‘மறைவெழுத்தாளர்’ என்பேன். ஆள் இல்லாமல் கிடக்கும் கோஸ்ட் டவுனுக்குப் ‘பாழூர்’ போதும். வெற்றிக்குக் கோஸ்ட் அளவு வாய்ப்பும் இல்லை என்று வந்தால், ‘துளிகூட வாய்ப்பில்லை’.

அப்புறம், இளைஞர்கள் வாயில் புரளும் ‘கோஸ்டிங்’. நேற்றுவரை பேசியவர் இன்று போனை எடுப்பதில்லை, அனுப்பிய செய்திக்குப் பதில் இல்லை, காரணமும் தெரியாது. இதற்குப் புதிதாகப் பெயர்ச்சொல் கட்டத் தேவையில்லை என்பது என் எண்ணம். ‘அவன் என்னை கோஸ்ட் பண்ணிட்டான்’ என்பதை ‘சொல்லாமல் கொள்ளாமல் விலகிட்டான்’ என்று எழுதிப் பாருங்கள். வலி உட்பட எல்லாம் வந்துவிடுகிறது.