மனசுக்குள் திட்டும் குரலுக்கு ஒரு நாற்காலி

"இதுகூடத் தெரியாதா உனக்கு?" சின்னத் தவறு நடந்ததும் உள்ளே ஒரு குரல் சுள்ளென்று கேட்கும். கவனித்துப் பாருங்கள், பல நேரம் அது 'நான்' என்று பேசாது. 'நீ' என்றுதான் பேசும்.

அந்த 'நீ' எங்கிருந்து வந்தது? 1934-ல் மறைந்த ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி உள்பேச்சுக்கு ஒரு விளக்கம் தந்தார். "தொடாதே, சுடும்" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். பிறகு குழந்தை அதையே வாய்விட்டுத் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறது. பள்ளி வயதில் அந்தப் பேச்சு சத்தமில்லாமல் உள்ளே போய்விடுகிறது. அவர் சொன்னது பொதுவான உள்பேச்சைப் பற்றி. திட்டும் குரலும் இதே வழியில் உள்ளே வந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் குரலைத் திரும்ப வெளியே கொண்டுவரும் சிகிச்சை முறை ஒன்று உண்டு. பொறியியல் படித்துவிட்டு உளவியலுக்கு வந்த லெஸ்லி க்ரீன்பெர்க், டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் 1970-களில் ஆராயத் தொடங்கி, பிறகு செம்மைப்படுத்தியது. எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் உட்கார்ந்து, எதிரே நீங்களே இருப்பதாக நினைத்துத் திட்ட வேண்டும், வாய்விட்டு. சிகிச்சையாளர் தடுக்க மாட்டார். வார்த்தைகளைவிட அதிலிருக்கும் இளக்காரத்தைத்தான் கூர்ந்து கேட்பார். அப்புறம் இடம் மாறி, திட்டு வாங்கியவராக உட்கார வேண்டும். முதலில் தோள் தொங்கிப்போகும், பேச்சு வராது. அங்கே அவசரப்படுத்தாமல், "இதைக் கேட்கும்போது உள்ளே என்ன செய்கிறது?" என்று கேட்பார். அந்த வலியிலிருந்தோ கோபத்திலிருந்தோ, "இப்படிப் பேசாதே, எனக்கு ஆதரவு வேண்டும்" என்று ஒரு தேவை பிறக்கும். மறுபடி முதல் நாற்காலிக்குப் போனால் குரல் சில சமயம் இளகும்: "நாலு பேர் முன்னால் நீ அவமானப்பட்டுவிடக் கூடாதே என்ற பயம்தான்."

தலைக்குள் திட்டுவதும் நோவதும் ஒரே நொடியில் நடப்பதால் இரண்டும் பிரித்தறிய முடியாமல் குழம்பிக் கிடக்கின்றன. நாற்காலி மாறும்போது ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பேச வாய்ப்பு கிடைக்கிறது. "நீ திறமைசாலிதான்" என்று சமாதானம் சொல்வதைவிட இது ஆழமாகப் போகக் காரணம் இதுதான். சமாதானம் அந்தப் பயத்தைத் தொடுவதே இல்லை.

வீட்டில் நோட்டுப் புத்தகத்திலும் இதைக் கொஞ்சம் செய்து பார்க்கலாம். திட்டை 'நீ' என்றே எழுதி, கீழே "எதற்குப் பயப்படுகிறாய்?" என்று கேட்டு, வரும் பதிலையும் எழுதுங்கள். ஆனால் உயிரை மாய்த்துக்கொள்ளச் சொல்லும் குரலோடு தனியாக உட்கார வேண்டாம். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.