முட்டைக் கோழி ஷெட்டில் பல்பை விட டைமர்தான் முக்கியம்

முட்டை குறைந்தால் பெங்களூரைச் சுற்றியுள்ள பண்ணைகளில் முதலில் தீவனத்தைச் சந்தேகிப்பார்கள், பிறகு தண்ணீரை, கடைசியில் நோயை. ஆனேக்கல்லோ ஹொஸ்கோட்டேயோ, விளக்கு எத்தனை மணிக்கு எரிந்து எத்தனை மணிக்கு அணைகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

கோழி வெளிச்சத்தைக் கண்ணால் மட்டும் உணர்வதில்லை. மண்டையோட்டை ஊடுருவும் ஒளியை மூளைக்குள் இருக்கும் செல்கள் உணர்ந்து, பகல் எவ்வளவு நீளம் என்று கணக்கிடுகின்றன. சினைப்பையை இயக்கும் ஹார்மோன் அதைப் பொறுத்துச் சுரக்கிறது. சிவப்பு அதிகமுள்ள ஒளி எளிதாக ஊடுருவும் என்பதால் 2700 முதல் 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வரையுள்ள, மஞ்சள் கலந்த வார்ம் ஒயிட் எல்இடி நல்லது. நீலம் கலந்த கூல் ஒயிட் போட்டால் முட்டையே வராது என்பதெல்லாம் கடைக்காரர் பேச்சு.

மறக்கக் கூடாதது ஒன்றுதான்: வளரும் கோழிக்குப் பகல் நீளக் கூடாது, முட்டையிடும் கோழிக்குக் குறையக் கூடாது. பெங்களூரில் ஜூன் பகல் 13 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, டிசம்பர் பகல் ஏறக்குறைய பதினொன்றரை. அதனால் திறந்த ஷெட்டில் குரோவர் பருவம், அதாவது முட்டையிடத் தொடங்குமுன் வளரும் பருவம், முழுவதும் 13 மணி நேரமாகவே வைத்துக்கொள்ளலாம். 17, 18 வார வயதில் நூறு கோழியை எடை போடுங்கள். சராசரி எடை அந்த ரகத்தின் கையேட்டில் சொன்ன அளவை எட்டி, எண்பது கோழியாவது சராசரிக்கு மேலே கீழே 10 சதவீதத்துக்குள் இருந்தால் மட்டுமே ஒளியைக் கூட்ட வேண்டும். வாரத்துக்கு அரை மணி வீதம் கூட்டினால் ஆறு வாரத்தில் 16 மணி நேரம் வந்துவிடும். எடை வராத கோழிக்கு அவசரப்பட்டுக் கூட்டினால் சின்ன முட்டையே தொடரும். முட்டைப்பாதை வெளியே பிதுங்கும், அந்தச் சிவப்பைப் பார்த்து மற்றவை கொத்தும். அப்படிச் சாகும் கோழிகளுக்கு மருந்து கொடுத்துப் பயனில்லை.

16 மணி நேரத்துக்குக் காலை 4 முதல் இரவு 8 வரை என்று வைத்துக்கொள்வோம். ஜூனில் சூரியன் 6 மணிக்கு முன்பே வந்துவிடுவதால், மின்சாரத்தை மிச்சப்படுத்த டைமரைக் காலை 6 மணிக்கு அணையவும் மாலை 6.30க்கு எரியவும் வைப்பார்கள். அதை அப்படியே விட்டால் நவம்பரில் சூரியன் 6 மணிக்கு முன்பே மறையும், ஜனவரியில் 6.45 வாக்கில்தான் உதிக்கும். இரண்டு பக்கமும் இருட்டு இடைவெளி விழும். முட்டை மெல்லக் குறையும், சில கோழி இறகு உதிர்க்கும். காலை 7 வரை, மாலை 5.30 முதல் என்று ஆண்டு முழுவதற்கும் வைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் படுதா இறக்கியிருக்கும் நாட்களில் பகலிலும் விளக்கு எரியட்டும்.

வெளிச்சத்தின் அளவை இரவில், கூண்டு வரிசையின் கீழ்த்தட்டுத் தீவனத் தொட்டியில், கோழியின் தலை உயரத்தில் லக்ஸ் மீட்டரை வைத்து அளக்க வேண்டும். மிக மங்கலான இடத்திலும் 10 லக்ஸ் வேண்டும். 30ஐத் தாண்டினால் கொத்தல் கூடும். மேல்தட்டு பளிச்சென்றும் கீழ்த்தட்டு இருட்டாகவும் இருந்தால் பெரிய பல்ப் போடாதீர்கள், சின்ன பல்பாக நெருக்கி மாட்டுங்கள். கோழிக்கு மேல் பல்ப் இருக்கும் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு இடைவெளி போதும்.

மலிவான எல்இடி மினுக்கும். நம் கண்ணுக்குத் தெரியாத மினுக்கல் கோழிக்குத் தெரியலாம். மொபைலில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள். பட்டை பட்டையாக ஓடினால் அந்த பல்ப் ஷெட்டுக்கு ஆகாது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் போடுவதாக இருந்தால் டிம்மருக்கு ஏற்ற பல்புதான் வாங்க வேண்டும். தூசி படிந்த பல்பை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை துடையுங்கள்.

மின்தடையில் பேட்டரி இல்லாத டைமர் நின்று பின்தங்கும். வாரம் ஒருமுறை மொபைல் மணியோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். விளக்குக்கு மட்டும் தனி இன்வெர்ட்டர் வைப்பது பெரிய செலவல்ல. 5 வாட் பல்ப் 60 என்றால் 300 வாட். காலை மூன்று மணி நேரத்தை நல்ல நிலையிலுள்ள ஒரு 150 ஏஎச் பேட்டரி தாங்கும்.