புகையை ஒளித்த கப்பல்

1863 ஆகஸ்ட். அமெரிக்காவின் தெற்குத் தரப்பிடம் இருந்த வில்மிங்டன் துறைமுகத்திலிருந்து இரவோடு இரவாகப் பஞ்சு ஏற்றிக்கொண்டு நழுவிய ‘ராபர்ட் இ. லீ’ கப்பலை, விடிந்ததும் வடக்குப் படையின் ‘இரோக்வாய்’ போர்க்கப்பல் துரத்தத் தொடங்கியது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலம். தெற்கின் துறைமுகங்களை 1861 முதல் வடக்குக் கடற்படை முற்றுகையிட்டிருந்தது. அதைத் தாண்டி ஓடும் கப்பலுக்கு வேகம் முக்கியம்தான். ஆனால் என்னைக் கேட்டால், புகை தெரியாமல் ஓடுவது அதைவிட முக்கியம்.

காரணம் கரியில் இருக்கிறது. சாதாரண நிலக்கரி சூடானதும் தாரும் வாயுக்களும் கிளம்பும். காற்று போதாமல் அவை அரைகுறையாக எரிந்தால், மிச்சமாகும் கார்பன் துகள்கள்தான் கரும்புகை. வேல்ஸ் நாட்டு நல்ல கரியில் அந்த வாயுக்கள் குறைவு, அதனால் புகையும் குறைவு. அன்று லீயின் உலையில் இருந்ததோ மட்டமான வட கரோலினா கரி. புகை காட்டிக்கொடுத்தது, வேகமும் போதவில்லை.

கேப்டன் ஜான் வில்கின்சன் சரக்கிலேயே கை வைத்தார். பஞ்சை டர்பன்டைனில் நனைத்து உலைக்குள் போடச் சொன்னார். டர்பன்டைன் சட்டென்று ஆவியாகும். பஞ்சின் இழைகளெங்கும் ஒரே நேரத்தில் தீப்பிடிக்கும். நீராவி அழுத்தம் ஏறியது, கப்பல் முந்தியது. அப்புறம் வந்தது சிக்கல். எரிந்த பஞ்சின் மிச்சம் கொதிகலனின் புகைக்குழாய்களில் அடைத்துக்கொண்டது. அந்தக் குழாய்கள் வழியாகத்தான் சூடு தண்ணீருக்குப் போக வேண்டும். அடைத்தால் நீராவி குறையும். அந்தி நெருங்கியதும் வேண்டுமென்றே கரித்தூளை எரித்துக் கரும்புகையைக் கக்க விட்டார். பிறகு புகையைச் சட்டென அடைத்துவிட்டு, துரத்தியவர்கள் பழைய புகையின் பின்னாலேயே போகட்டும் என்று திசை மாறினார். தப்பித்தாயிற்று.

1860-இல் கிளாஸ்கோவில் ‘ஜிராஃப்’ என்ற பெயரில் கட்டப்பட்ட இந்தத் துடுப்புச் சக்கரக் கப்பல், முற்றுகையை 20 தடவைக்கு மேல் தாண்டியது. 1863 நவம்பர் 9 அன்று, வில்கின்சன் அதில் இல்லாத பயணத்தில், வடக்குப் போர்க்கப்பல் ‘ஜேம்ஸ் அட்ஜர்’ அதைப் பிடித்தது.

பாம்பின் கால் பாம்பறியும். தப்பி ஓடும் கப்பல்களைத் துரத்த இதைவிடப் பொருத்தமான கப்பல் எங்கே கிடைக்கும்? வடக்குக் கடற்படையே வாங்கிக்கொண்டது. தெற்குத் தளபதி லீயின் பெயர் போய், வடக்கு வென்ற கோட்டையின் பெயர் வந்தது: ‘ஃபோர்ட் டொனல்சன்’. 1864 ஜூனில் பணியில் சேர்ந்தது. 1865 ஜனவரியில் வில்மிங்டனைக் காத்த ஃபிஷர் கோட்டையைத் தாக்கிய படையிலும் இருந்தது. முன்பெல்லாம் இதே கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும்போது துணை நின்றவை அந்தக் கோட்டையின் பீரங்கிகள்தான்.

போர் முடிந்ததும் விற்கப்பட்டு, 1866-இல் சிலி நாட்டுக் கடற்படைக்குப் போனது. அங்கே அதன் பெயர் ‘கான்செப்சியோன்’.