ஹால்ட்: நிலையமா, நிறுத்தமா, தரிப்பிடமா?

ரயில் கால அட்டவணையில் சில சிற்றூர்ப் பெயர்களுக்குப் பின்னால் 'ஹால்ட்' என்றொரு வால் ஒட்டிக்கொண்டிருக்கும். பயணிகள் ஏறி இறங்க வண்டி அங்கே நிற்கும், அவ்வளவுதான். ஒரு வண்டியை ஓரங்கட்டி இன்னொன்றுக்கு வழிவிடுவது போன்ற வேலையெல்லாம் அங்கே நடக்காது. அதனால் ஸ்டேஷன் மாஸ்டரும் தேவையில்லை. இந்திய ரயில்வே விதிகளில் இது 'டி' வகுப்பு. பல ஹால்ட்களில் டிக்கெட் கொடுப்பவர்கூட ரயில்வே ஊழியர் அல்ல, கமிஷனுக்கு விற்கும் ஏஜென்ட்.

சொல்லின் பூர்வீகம் ஜெர்மன். 'ஹால்டன்' என்றால் பிடி, நிறுத்து. படை நடக்கும்போது "நில்!" என்று இடும் ஆணையாக இருந்து, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. (நொண்டுவதைக் குறிக்கும் பழைய ஆங்கில 'ஹால்ட்' வேறு சொல்.)

ரயிலோடு அது ஒட்டிக்கொண்டதில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே என்ற பிரிட்டிஷ் நிறுவனத்துக்குப் பெரிய பங்குண்டு. 1903இல் இங்கிலாந்தின் ஸ்டோன்ஹவுஸ், சால்ஃபோர்டு ஊர்களுக்கிடையே சிறு நீராவி வண்டிகளை விட்டபோது, வழியில் எளிய நடைமேடைகளை அமைத்து, அவற்றை 'ஹால்ட்' என்றார்கள். முதலில் பிரெஞ்சு எழுத்துமுறையில் கடைசியில் ஓர் 'இ' சேர்த்து எழுதி, அப்புறம் அதைக் கைவிட்டார்கள். பிரிட்டிஷ் ரயில்வேயைச் சுருக்கச் சொல்லி 1963இல் வெளியான பீச்சிங் அறிக்கை மூடுவதற்கெனப் பட்டியலிட்ட 2,363 நிலையங்களில் இப்படிப்பட்ட சிறு நிறுத்தங்களும் ஏராளம். நம் ஊரிலும் மீட்டர் கேஜ் பாதைகளை அகலப்பாதையாக மாற்றியபோது சில ஹால்ட்கள் திரும்பி வரவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நிலையம்' பொருந்தாது. பேருந்து நிலையம் வேறு, பேருந்து நிறுத்தம் வேறு என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கணக்கில் ஹால்ட் என்பது 'ரயில் நிறுத்தம்' ஆகவேண்டும். சிக்கல் இங்கேதான். 'ரயில் நிறுத்தம்' என்று செய்தித்தாளில் படித்தால் ரயிலையே ரத்து செய்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். மூடப்பட்ட இடத்தை 'முன்னாள் ரயில் நிறுத்தம்' என்றால் இன்னும் குழப்பம்.

இலங்கைத் தமிழர் பேருந்து நிற்கும் இடத்தைத் 'தரிப்பிடம்' என்கிறார்கள். தரித்தல் என்றால் நிற்றல், தங்குதல். என் ஓட்டு இதற்குத்தான். கடைசி பஸ் இரவில் ஊரிலேயே தங்குவதை 'நைட் ஹால்ட்' என்கிறோமே, அதற்கும் 'இரவுத் தரிப்பு' பொருந்தும். 'நிறுத்தம்' அங்கே எடுபடாது.

ஆக, கட்டுரையில் எழுதும்போது 'ரயில் தரிப்பிடம்', மூடியாகிவிட்டது என்றால் 'முன்னாள் ரயில் தரிப்பிடம்'. அட்டவணையிலும் டிக்கெட்டிலும் பெயரோடு சேர்ந்திருக்கும் 'ஹால்ட்'டை மட்டும் தொடவேண்டாம். கவுன்ட்டரில் நிற்பவர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் கேட்கவேண்டும்.