கலவையா, சேர்வையா? கற்குழம்புகளுக்கு ஒரு சொல் விளக்கம்

கிரேக்க மொழியில் மாக்மா என்றால் பிசைந்து குழைத்த களிம்பு. நிலத்தடியில் உருகிக் கிடக்கும் பாறைக்கு நிலவியலார் பிற்பாடு அந்தப் பெயரைச் சூட்டினார்கள். தமிழில் கற்குழம்பு, பாறைக்குழம்பு என்கிறோம். அருமையான ஆக்கம், சந்தனக் குழம்பு என்னும்போது நாம் சுட்டுவதும் அதே குழைந்த பதத்தைத்தானே! தரைக்கு மேல் வழிந்துவிட்டால் அது லாவா. இரண்டையும் ஒன்றாக எழுதுவது பிழை.

சிக்கல் அடுத்த சொல்லில் இருக்கிறது. மாறுபட்ட இரு கற்குழம்புகள் எப்படிச் சந்தித்தாலும் 'கலப்பு' என்றே எழுதிவிடுகிறோம். சுமார் 1,200 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள கரிய பசால்ட் குழம்பு, 800 பாகையை ஒட்டிய பிசுபிசுப்பான வெளிர்நிறக் கிரானைட் குழம்புக்குள் புகுந்தால் உடனே கரைந்துவிடாது. விளிம்பு சட்டென்று உறைய, தலையணை தலையணையாகத் திரண்டு நிற்கும். அந்தக் கரிய உருண்டை ஒன்றை அருகில் பாருங்கள்: ஓரத்தில் படிக மணிகள் மிக நுண்மையானவை, எல்லைக்கோடு நெளிநெளியாக ஓடும். சந்தித்தபோது இரண்டுமே குழம்பாக இருந்தன என்பதற்கு அந்த நெளிவே சாட்சி. உறைந்த பாறை உடைந்து விழுந்திருந்தால் ஓரம் கூராக முறிந்திருக்கும்.

வெப்ப வேறுபாடு குறைந்தால், அல்லது பசால்ட்டின் பங்கு மிகுந்தால், எல்லையே அழிந்து இடைப்பட்ட புதுக் குழம்பு உருவாகும். ஐஸ்லாந்துப் பாறைகளை இப்படித்தான் 1851இல் ஜெர்மன் வேதியியலார் ராபர்ட் பன்சன் விளக்கினார்.

இந்த இரண்டுக்கும் வேறு வேறு சொல் வேண்டும். நம் அணியிலக்கணத்திலேயே அவை இருக்கின்றன. எள்ளும் அரிசியும் போலத் தனித்தனியே தெரியும்படி அணிகள் கூடுவது சேர்வையணி. பாலும் நீரும் போல ஒன்றிவிடுவது கலவையணி. கரிய உருண்டைகள் நிற்பது சேர்வை. எல்லை கரைந்தது கலவை. இதைவிடப் பொருத்தமான இணை எனக்குத் தெரியவில்லை.

ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில், ஏறக்குறைய 6 கோடி ஆண்டுகளுக்கு முன் கனன்ற எரிமலைத் தொகுதியின் அடிவேர் அரிப்பால் வெளிப்பட்டிருக்கிறது. அங்குள்ள மார்ஸ்கோ குன்றின் பெயரால் நிலவியலார் ஆல்பிரட் ஹார்க்கர் 1904இல் விவரித்த மார்ஸ்கோவைட் என்னும் பாறை ஒரு கலவை: கரிய பாறைக்குள் வெளிர்க் குழம்பிலிருந்து வந்த குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் படிகங்கள் பதிந்திருக்கின்றன. மார்ஸ்கோவைட் குழம்பு பிளவு வழியே ஊடுருவியபோது பக்கத்தில் இருந்த ஃபெல்சைட் என்னும் வெளிர்ப் பாறையும் இன்னும் உறையவில்லை. அவை தொடும் கோடு நெளிந்தே கிடக்கிறது. ஆழத்தில் கலவையாகப் பிறந்த பாறை, மேலே வந்து சேர்வையாக நிற்கிறது.